காற்றில் நின்ற கால்

அண்ணனூர் ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகையில் கராத்தே வகுப்பு நடக்கிறது. மகள் ரோஸியைக் கையோடு இழுத்துப்போக வந்த ஜெயசீலி வாசலிலேயே நிற்கிறாள். போன வாரம் இந்த வகுப்பிலிருந்து ரோஸி வீங்கிய உதட்டோடு வீடு வந்ததிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. தகரத்தின் ஓட்டைகள் வழியே சாய்ந்த வெயில் தார்ப்பாய் விரிப்பில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. டீக்கடை டேப்ரிக்கார்டரின் பாட்டு ரயில் இரைச்சலில் மூழ்குகிறது. ரோஸிக்கு எதிரே நிற்கும் வேம்புலி அவளைவிட ஒரு தலை உயரம். அவன் குத்த வருகிறான். அவள் விலகிச் சுழன்று, வலது காலை அவன் காதுக்கு நேராக வீசுகிறாள். அந்த நொடியில் அவனுடைய தலைக்கவசத்தின் வார் அறுந்து, கவசம் கழன்று விழுகிறது. ஜெயசீலி கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். அடி விழுந்த சத்தமே கேட்கவில்லை. திறந்து பார்த்தால், மகளின் கால் வேம்புலியின் காதுக்கு ஒரு விரல்கடை தள்ளிக் காற்றில் அப்படியே நிற்கிறது. அவள் மெல்லக் காலை இறக்கி, குனிந்து கவசத்தை எடுத்து நீட்டுகிறாள். "வாரு அறுந்துபோச்சுண்ணே. வேற மாட்டிகினு வா." அவன் வெளுத்த முகத்தோடு காதைத் தடவிக்கொண்டே வேறு கவசம் எடுக்கப் போகிறான். மாஸ்டர் ரோஸியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறார். அந்தத் தலையாட்டலில் ஜெயசீலிக்கு நெஞ்சு விம்முகிறது. அப்போதுதான் ரோஸி வாசலைக் கவனிக்கிறாள், முகம் வாடுகிறது. "அம்மா, இட்டுகினு போக வந்தியா?" ஜெயசீலி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் முதுகை நிமிர்த்தி உட்காருகிறாள். "என்னை இன்னாடி பாத்துகினு கீறே? அவன் மாட்டிகினு வந்துட்டான் பாரு, ஆடு!"