எறும்பு நுழையாத பயோடேட்டா

ஆடிட்டர் உத்தியோகத்தில் நான் கற்றது ஒன்றுதான். காகிதத்தில் காலி இடம் தெரிந்தால், அங்கே எவனோ எதையோ மறைத்திருக்கிறான். நான் ஓய்வு பெற்றேன். என் சந்தேகம் ஓய்வு பெறவில்லை.

மகளுக்கு வரன் பார்த்தோம். ஈமெயிலில் வந்த பயோடேட்டாக்களை அவள் பிரிண்ட் எடுத்து நீட்டினாள். முதலில் ஒரு டாக்டர்.

“படிப்புக்கும் வேலைக்கும் நடுவுல ஏன் இவ்வளவு இடைவெளி? ஒரு வரியைத் தூக்கியிருக்கான்” என்றேன்.

“என்ன வரிப்பா?”

“முதல் கல்யாணமா இருக்கும்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “வெறும் காகிதத்துலயே அவனைத் தாலி கட்ட வச்சிட்டீங்களே!”

அடுத்து வந்த இன்ஜினியரின் இரண்டு வரிகளுக்கு நடுவே லாரி போகலாம். பேங்க் மேனேஜர் பாராவுக்குப் பாரா மைதானமே விட்டிருந்தார். இருவரையும் கழித்துக் கட்டினேன்.

கடைசியாக ஒன்று வந்தது. ஒரே பக்கம், எறும்பு நுழைய இடமில்லை. “இவன்தான் யோக்கியன்!” என்று மறுநாளே பேசி முடித்தேன். அந்தக் காகிதத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியும் வைத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை அதைப் பார்த்து விழித்தார்.

“மாமா, நான் தாராளமா இடம் விட்டு மூணு பக்கம்ல அனுப்பினேன்?”

மகள் அவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். என் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.

“வாயை மூடுங்க! டாக்டருக்கு இடைவெளியைக் கூட்டி, உங்களுக்குக் குறைச்சு, எவ்வளவு கஷ்டப்பட்டு நம்ம காதலைக் கரை சேர்த்திருக்கேன் தெரியுமா?”