சிவப்புக் காலிப்பர்

பிரேக்கை மிதித்தால் காரைப் பிடித்து நிறுத்தும் காலிப்பர் ஒன்று, ஒரு இரும்புச் சக்கரத்தின் மறைவில் பதினோரு வருஷம் குடியிருந்தது. அதன் முகத்தை அந்தச் சக்கரத்தைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் காரின் முதலாளி தன் வீட்டு வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றி, துருவைத் தேய்த்து, காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தார்.

"எனக்கும் ஒரு காலம் வந்திருச்சு, பாத்தியா," என்றது காலிப்பர்.

"உனக்கு வந்திருச்சு, எனக்குப் போயிருச்சு. உன் அழகு வெளிய தெரியணும்னு இடைவெளி விட்ட அலாய் சக்கரம் வாங்கியிருக்காரு. நான் இனிமே டிக்கியில ஸ்டெப்னி," என்றது கழற்றி வைத்த இரும்புச் சக்கரம்.

காலிப்பர் எகிறியது. "யார்யா கேட்டது? ஒரு பூச்சோட நிறுத்திக்கட்டும், இவன் இங்கேயே இருக்கட்டும். சரி, பெயின்ட்டே வேணாம், சுரண்டிக்கட்டும்."

முதலாளி காதில் விழவில்லை. இரண்டாவது பூச்சை ஆரம்பித்தார்.

அலாய் சக்கரம் மாட்டியபிறகு தெருவே காலிப்பரைப் பார்த்தது. மழையில் மலையிறங்கிய பழங்கதையைக் காலிப்பர் எடுத்தால் மட்டும், "அப்ப நான் இல்லியே," என்று புதுச் சக்கரம் முடித்துவிடும்.

ஒரு மத்தியானம் புதுச் சக்கரத்தில் ஆணி ஏறியது. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஸ்டெப்னியை மாட்டினார். சிவப்பு மறைந்தது.

"எப்படிடா இருக்கேன்?" என்றது காலிப்பர். "என்னால பாக்க முடியாது, நீதான் சொல்லணும்."

இரும்புச் சக்கரம் நிதானமாகப் பார்த்தது.

"பரவாயில்ல. ஆனா அன்னிக்கு ஒரு கன்னுக்குட்டிக்கு ஒரு சாண் முன்னால நின்னோமே, அப்ப நீ கரியும் புகையுமா இருந்தே. அதுல பாதி அழகுகூட இது இல்ல."