முப்பத்தோராவது மாணவி

குளத்தில் ஒற்றைக்காலில் நின்று அலுத்துப்போன கொக்கு ஒன்று, மீன் பிடிக்கக் கற்றுத்தருவதாக ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்தது. முப்பது கொக்குக் குஞ்சுகள் சேர்ந்தன.

"நான் பேசுறது கேக்குதா? ஸ்கிரீன் தெரியுதா?" என்றே பத்து நிமிடம் ஓட்டும். மீதி நேரம் தன் பிரதாபத்தை அளக்கும். முப்பதும் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கின. கொக்கு கண்டுகொள்ளவில்லை. முப்பத்தோராவதாக ஒரு மாணவி இருந்தாளே! அவளும் முகம் காட்டமாட்டாள். ஆனால் கேள்வியாகக் கேட்டுத் துளைப்பாள்.

"சார், கொத்துறதுக்கு முன்னாடி கழுத்து எந்தப் பக்கம் சாயும்?"

"சபாஷ்! இடப்பக்கம்மா."

"எப்போ சார் உங்களுக்குக் கண்ணு கூசும்?"

"உச்சி வெயில்லம்மா. படிச்சா இப்படிப் படிக்கணும்!"

கொக்குக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்புகள் முடிந்த மறுநாள் அது பசியோடு குளத்தில் இறங்கியது. கழுத்து இடப்பக்கம் சாய்ந்தால் மீன்கள் வலப்பக்கம் நழுவின. காலை முழுக்க ஒரு பொடி மீன்கூடச் சிக்கவில்லை. உச்சி வெயிலில் அத்தனையும் அதன் காலடிக்கே வந்து கும்மாளம் போட்டன.

சோர்ந்துபோய்ப் போனைத் திறந்தது. வகுப்புக்கு ஐந்து நட்சத்திரம் விழுந்திருந்தது. போட்டவள் அந்த மாணவிதான். இப்போது படமும் வைத்திருந்தாள்: பளபளவென்று ஒரு கெண்டை மீன்.

"யாரோ தண்ணியில தவறவிட்ட போன்ல உங்க வகுப்பை எங்க குளமே பார்த்துச்சு சார். உங்களை மாதிரி யாராலயும் நடத்த முடியாது. அடுத்து நாரை எப்படி மீன் பிடிக்கும்னு எடுப்பீங்களா?"

வயிறு ஒட்டிக்கிடந்த கொக்கு அதை மூன்று தடவை படித்தது. பிறகு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பதில் போட்டது:

"கண்டிப்பாம்மா!"