மூன்றாவது கடை

"இன்னும் ஒரே ஒரு கடை பார்த்துட்டு வந்துடறேங்க," என்றாள் அவள். குரல் கெஞ்சியது.

கணவன் சிரித்தான். அவளுடைய கைப்பை அவன் தோளில் தொங்கியது, ஃபோன் அவன் சட்டைப்பையில் இருந்தது. "தாராளமா பாரு. இதெல்லாம் நான் வெச்சுக்கறேன், நீ கையை வீசிட்டுப் போ."

சுற்றுலா வந்து நாலாவது நாள். மறுநாள் காலை ஊருக்கு ரயில். அந்தத் தெரு முழுக்கக் குட்டிக் குட்டித் துணிக்கடைகள். கடைக்காரர்களே யோசித்து, வெட்டி, தைத்து விற்பவை. ஒரு டிசைனில் ஒன்றுதான் இருக்கும். அதற்காகவே வெளியூர்க்காரர்கள் வந்து மொய்ப்பார்கள்.

முதல் கடையில் அவள் ஒரு துணியைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. "இதெல்லாம் இங்கேயே தைக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, வேறு இடத்தில் என்றதும் முகம் விழுந்துவிட்டது. இரண்டாவது கடையில் தையல் மாடியில் நடந்தது. ஏறிப் போனவள், போன வேகத்திலேயே இறங்கி வந்தாள்.

"கண்ணெதிர்ல தைச்சாதான் இவளுக்கு நம்பிக்கை வரும்," என்றான் கணவன். இரண்டாவது கடைக்காரர் அவளைப் பார்த்து, "இவ்வளவு பொறுமையான மனுஷன் யாருக்கும்மா கிடைப்பாரு?" என்றார். அவள் அடுத்த கடையை நோக்கி நடந்தாள்.

மூன்றாவது கடை தெருக்கோடியில் இருந்தது. எதிரே கடை வாசல் தெரிகிற மாதிரி ஒரு பெஞ்ச். கணவன் அதில் உட்கார்ந்துகொண்டான்.

கடைக்காரி கழுத்தில் அளவு நாடாவுடன், உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடி ஒரு பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "எந்த மாதிரி பாக்கறீங்க?"

"யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி ஒண்ணு வேணும்க்கா."

கடைக்காரி குண்டூசியை உதட்டிலிருந்து எடுத்தாள். "எல்லாரும் திரும்பிப் பார்க்கணும்னுதானே இந்தத் தெருவுக்கே வருவாங்க?"

"எனக்கு அது வேண்டாம்க்கா." அவள் கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "நீங்க இங்கேயேதான் தைக்கிறீங்களா?"

"பின்னாடி. நானும் தங்கச்சியும்."

சிவப்பு, நீலம், பூப்போட்டது என்று கடைக்காரி எடுத்து எடுத்துப் போட்டாள். அவள் எல்லாவற்றையும் தள்ளினாள். கடைசியில் மூலையில் ஒரு சாம்பல் நிறச் சட்டையும் பேன்ட்டும் கிடந்தன. "இதை எட்டு மாசமா யாரும் சீண்டலைம்மா," என்று கடைக்காரி சொல்லி முடிப்பதற்குள் அவள் அதை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கை நீளமா இருக்கும் போலிருக்கே. நீட்டுங்க." அளவெடுப்பதற்காக அவளுடைய மஞ்சள் சட்டையின் முழுக்கையைச் சுருட்டிய கடைக்காரி, பாதியில் நிறுத்தினாள். முழங்கை வரை கன்றிப்போன தடங்கள். பிறகு சுருட்டியதை மெதுவாக இறக்கிவிட்டு, "உள்ள வாங்க. சரி பண்ணித் தர்றேன்," என்றாள்.

அதற்குள் கணவன் வாசலுக்கு வந்துவிட்டான். "கிடைச்சுதா?"

"கிடைச்சுடுச்சுங்க."

"கொஞ்சம் பிடிச்சுத் தைக்கணும் சார். அரை மணி ஆகும்," என்றாள் கடைக்காரி.

"ஒரு துணிக்காக உயிரை விடுவா மேடம் இவ," என்று சிரித்துவிட்டு அவன் பெஞ்சுக்குத் திரும்பினான்.

உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. மிஷின் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அது நின்றது. இன்னும் அவள் வரவில்லை.

அவன் உள்ளே போய், போட்டுப் பார்க்கும் அறையின் திரையை இழுத்தான். கொக்கியில் மஞ்சள் சட்டை மட்டும் தொங்கியது. பின்கட்டுக்கு ஓடினான். இரண்டு மிஷின்களில் ஒன்றில் கடைக்காரி உட்கார்ந்திருந்தாள், மற்றது காலி. அதற்கு அப்பால் திறந்த கதவு, வெளியே ஒரு சந்து. சந்தில் யாரும் இல்லை.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "எங்கடி அவ?" என்றான்.

கடைக்காரி நூலைக் கத்தரித்தாள்.

"ஆறு வருஷமா வெளியில பூட்டின வீட்டுக்குள்ள இருந்தவ அவ. கையில பத்துப் பைசா கிடையாது. இந்த ஊர்ல அவளுக்கு யாரைத் தெரியும்? எங்க போயிடுவா? சொல்லுடி."

கடைக்காரி நிமிர்ந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அளவு சரியா இருந்துச்சு சார். போட்டுக்கிட்டே போயிட்டாங்க."