வாரத்தின் சாதுரியமான மாற்றம்

நண்பர்களின் ஞாயிறு கிரிக்கெட்டை வைத்து, ஆடுபவர்களைப் பொறுக்கிக் கற்பனை அணி அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டஸி லீக் நடத்தும் குலசேகரனை எல்லோரும் 'தலைவரே' என்றுதான் கூப்பிட வேண்டும்; அவரே போட்ட விதி. யார் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை ஆடுபவர்களின் கைப்பட்டை முதல்நாளே அவர் போனுக்குச் சொல்லிவிடும்.

ரன்னுக்கு ஓடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த தங்கப்பழத்தைப் பார்க்க, ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"ரெண்டு வருஷமா உன் டீமுக்கு நான்தானேடா கேப்டன்? சனிக்கிழமை ஏன் என்னைத் தூக்கிட்ட?" என்றார் தங்கப்பழம்.

'இதயம் தாங்காது' என்று கைப்பட்டையிலிருந்து வந்த சேதி அன்றைக்கு குலசேகரனுக்கு ஆட்டத்துக்கான வெறும் துப்பாகத்தான் பட்டது. "உன் கைப்பட்டை சொல்லுச்சு" என்றபடி ஆப்பிளைத் துடைத்தார். 

"அப்பவே தெரியுமா? ஒரு போன் போட்டிருக்கலாமேடா."

குலசேகரனின் சட்டைப்பையிலிருந்த போன்தான் உரக்கப் பேசியது: "வாழ்த்துகள் தலைவரே! இந்த வாரத்தின் மிகச் சாதுரியமான மாற்றம் உங்களுடையது!"

தங்கப்பழம் மனைவியைப் பார்த்தார். "கை தட்டு மல்லிகா. தலைவர் ஜெயிச்சிட்டாரு."