மீதி ஏழு

தைவானின் தைனான் நகரில் சியூலானின் அப்பா வைத்திருந்த கணக்கு எளிமையானது. நூற்றுக்கு எத்தனை மார்க் குறைகிறதோ, இறகுத் துடைப்பத்தின் பிரம்புக் கைப்பிடியால் அவள் உள்ளங்கையில் அத்தனை அடி. அவர் இறந்து பதினோரு வருடமாகிறது. சியூலான் தன் ஒன்பது வயது மகள் ரோயீயை ஒருநாளும் அடித்ததில்லை. வீட்டில் இறகுத் துடைப்பமே வாங்கியதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ரோயீ கணக்குப் பரீட்சைத் தாளைக் கையெழுத்துக்காக மேசையில் வைத்தாள். தொண்ணூற்று மூன்று.

நல்லாத்தான் எழுதியிருக்கே என்று சொல்லத்தான் சியூலான் வாயைத் திறந்தாள்.

"மீதி ஏழு எங்கே?"

அப்பாவின் வார்த்தை. அவருடைய அதே தணிந்த குரல்.

ரோயீ அழவில்லை. மூடிய வலது கையை முன்னால் நீட்டினாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"கையை எடுடி! நான் என்னைக்காவது உன்னை அடிச்சிருக்கேனா?"

"நீ அடிக்க வேணாம்மா," என்று ரோயீ சமாதானமாகச் சொன்னாள். "தாளை வாங்கினதுமே வந்துடுச்சு. எப்பவும் அப்படித்தான் வரும்."

விரல்களை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் பிரம்புத் தடங்கள் சிவந்திருந்தன.

சியூலான் எண்ணினாள். ஏழு. கணக்குச் சரியாக இருந்ததில் அவளுக்கு ஒரு கணம் திருப்தியாக இருந்தது. அதன் பிறகு மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.