கொஞ்சம் திரும்பிக்கோம்மா

சூடான திரவத்தில் மிதந்த இரண்டு வெள்ளித் துகள்கள் மெதுவாக மோதி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டன. ஒன்று பெரிது. இன்னொன்று சின்னது.

"கொஞ்சம் திரும்பிக்கோம்மா," என்றது பெரிது. "உன் அணு வரிசை என் வரிசையோட நேரா நிக்கணும். அப்பத்தான் நாம ஒண்ணாக முடியும்."

"நீங்க திரும்புங்களேன்."

"நானா? நான் பெரியவன்!"

"அதனால என்ன? திரும்பினா இடுப்பு பிடிச்சுக்குமா?"

பெரிய துகளின் உள்ளேயிருந்து பல குரல்கள் கிளம்பின. முன்பு இதேபோல் வந்து மோதி, அதற்குள் கலந்துபோன சின்னத் துகள்கள் அவை.

"அடம் பிடிக்காதேடி. நாங்க திரும்பலையா? முதல்ல வலிக்கும், அப்புறம் பழகிடும்."

"அக்கா, உங்கள்ல யார் எங்கே இருக்கீங்க? ஒருத்தராவது காட்டுங்க, பார்க்கலாம்."

ஒருவராலும் முடியவில்லை. எந்த ஓரம் யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அதற்குள் சின்னதின் ஓரம் தானாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. சின்னது பதறிப்போய், உதறிக்கொண்டு விலகியது.

"கோவம் தணிஞ்சதும் மெதுவா வாம்மா," என்றது பெரிது. "வேகமா வந்தா ஒட்டாது."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

கொதித்த திரவம் மறுபடியும் பெரியதின் பக்கமே தள்ள, சின்னது வேண்டுமென்றே வேகமாகப் பாய்ந்து வந்து மோதியது. ஒட்டாமல் தெறித்து, தன் வழியில் போனது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணிவே இல்லை," என்று பெரிது புலம்பியது. அடிபட்ட இடத்தில் ஒரு வரிசை மட்டும் கலைந்து, கோணலாக நின்றது.

"யாருடி அது? நேரா நில்லு!" என்று பெரிது அதட்டியது.

"யாரா? அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்," என்றது அந்த வரிசை.